மூன்றாம் ஓலை

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

இன்று நான் பூசைக்குப் போகவில்லை. ஊரோடு வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வது எனக்குக் கௌரவக் குறைவு என்று மதலேன் சொல்கிறாளாம். வாசகம் வாசிப்பவர்கள் பட்டியலில் என் பெயரைப் போடாததால் கோபித்துக்கொண்டேன் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் தவறு. என் வலது குதிகாலில் புண். சர்க்கரை உள்ள உடம்பு. புதுச் செருப்பு கடித்த இடம் மூன்று வாரமாக ஆறவில்லை. எண்பது வயதில் நொண்டிக்கொண்டு பீடம் வரை போய், பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இதுதான் காரணம். இதைச் செருக்கு என்று சொல்வதானால் சொல்லட்டும். சரியான காரணத்தைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

மதியம் கஞ்சி, தேங்காய்த் துவையல். உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 24, வெள்ளி

மதலேன் வந்து காலைப் பார்த்துவிட்டாள். எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர் அவள். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் தெருவுக்கு ஒரு ஜெபக்குழு. அதற்குத்தான் அன்பியம் என்று பெயர். எங்களுடையதில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்திரண்டு வீட்டுச் செய்தியும் மதலேனிடம் இருக்கும்.

"என்னம்மா இது, கொய்யாப்பழம் மாதிரி வெடிச்சுக் கெடக்கு!"

"உவமை சொல்லத் தெரியலைன்னா சும்மா இரு."

"தினம் கட்டு மாத்தணுமே, யார் மாத்துறா?"

"நான்தான்."

"நீங்க குனிஞ்சு உங்க குதிகாலைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

நான் சேலையை இழுத்துக் காலை மூடினேன்.

"நம்ம விக்டோரியா இருக்காளே. பெரியாஸ்பத்திரியில முப்பது வருஷம் நர்ஸு. இப்ப ரிட்டயராகி சும்மாத்தான் இருக்கா. நாளைலேர்ந்து வரச் சொல்றேன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"கால் என்னுடையது."

மதலேன் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25, சனி

காலை ஏழு மணிக்கு விக்டோரியா வந்துவிட்டாள். கதவைச் சாத்த முடியாது. அறிவுள்ள எவரும் சாத்த மாட்டார்கள்.

பேசாமல் தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டாள். கைகள் சுத்தம். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தாள். கட்டின் முனையைக் கொஞ்சம் கோணலாக மடித்திருந்தாள். சொன்னேன். பிரித்து, நேராக மடித்தாள்.

"இப்ப சரியாம்மா?"

"சரி."

பிப்ரவரி 26, ஞாயிறு

விக்டோரியாவை ஏன் வேண்டாம் என்றேன் என்பதை மதலேனிடம் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதுகிறேன்.

1991. விக்டோரியாவுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் பஸ் விபத்தில் இறந்து இரண்டு வருடம். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை, ஜெனோவா. அந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் சூசைமாணிக்கம், இறந்தவனின் நண்பன். அவனுக்கும் விக்டோரியாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை வாசித்து, இவர்கள் மணந்துகொள்ளத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். எங்கள் வழக்கம் அது.

கான்வென்ட்டில் மதர் அகத்தா எங்களுக்குக் கற்பித்தது இது: ஒரு குழந்தையை ஞானஸ்நானத்தில் ஏந்துகிறவன் அதன் தாய்க்கும் ஞான உறவாகிவிடுகிறான், அவர்கள் இருவரும் மணந்துகொள்ளக் கூடாது. நான் அப்போது மாதா சபையின் தலைவி. இரண்டாம் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் லூர்துநாதர் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறைமாவட்ட ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு வாசிக்கப்படவே இல்லை. சூசைமாணிக்கத்தின் அம்மா அவனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டாள்.

நான் என் கடமையைச் செய்தேன்.

மார்ச் 2, வியாழன்

விக்டோரியா தானே காபி போட்டுக்கொண்டு எனக்கும் கொண்டுவந்தாள். என் சமையலறையில் என்னைக் கேட்காமல் நுழைந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. சர்க்கரை போடாத காபியை இவ்வளவு நன்றாகப் போட முடியும் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

கோயில் ஒலிபெருக்கியில் பூசையை வீட்டிலிருந்தே கேட்டேன். ஈஸ்டருக்குப் பிறகு நடக்கப்போகும் ஒரு கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள்.

என் கணவர் நினைவுக்கு வந்தார். கோயிலில் ஓலை வாசிக்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்ப்பார். சாகும் வரை அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மார்ச் 10, வெள்ளி

என்னால் நடக்க முடியாததால் அன்பியக் கூட்டத்தை என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பத்தொன்பது பேர். சுண்டல் நான் செய்யச் சொன்ன பக்குவத்தில் இல்லை.

இந்த வாரத் தலைப்பு மன்னிப்பு. மதலேன் வாசித்துவிட்டு, "யாராவது உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றாள். வழக்கம்போல எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விக்டோரியா எழுந்தாள்.

"எனக்கு ரெண்டாங் கல்யாணம் நடக்க இருந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். தடை சொன்னது எமல்டாம்மாதான். அதுவும் தெரியும். கொஞ்ச நாள் எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரோட்டுல இவங்க எதிரே வந்தா நான் அந்தப் பக்கம் போயிருவேன். அப்புறம் யோசிச்சேன். அவங்களுக்கு என்ன லாபம்? மனசாட்சிக்குத் தெரிஞ்சதை மறைக்காம சொன்னாங்க. எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? நான் அவங்களை மன்னிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லணும்னு தோணுச்சு."

வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். மதலேன் அழுதாள். அவள் எதற்கும் அழுவாள்.

நான் தலையசைத்தேன்.

மார்ச் 11, சனி

இன்று வலி அதிகம். விக்டோரியா கேட்டபோது இல்லை என்றேன்.

மார்ச் 15, புதன்

கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள். நான் கேட்காமல் அவளாகவே பேசினாள்.

"அந்த மூணாவது ஞாயித்துக்கிழமை நான் புதுச் சேலை கட்டிட்டுப் போனேம்மா. மாம்பழ மஞ்சள். ஜெனோவா மடியில. சாமி அறிவிப்பெல்லாம் வாசிச்சாரு. திருவிழாக் கூட்டம், ஞானோபதேச வகுப்பு, எல்லாம் வாசிச்சாரு. என் பேரு வரும் வரும்னு பாத்துட்டிருந்தேன். புத்தகத்தை மூடிட்டாரு. எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. சரி, அடுத்த வாரம் வாசிப்பாங்கன்னு அதே சேலையக் கட்டிட்டு அடுத்த ஞாயிறும் போனேன்."

"சூசைமாணிக்கம் ஓசூரில் இருக்கிறானாமே?" என்று நான் கேட்டேன். வேறு ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"ஆமா. பேரப்பிள்ளைங்க இருக்கு. நல்லா இருக்கட்டும்." பஞ்சை நனைத்தாள். "சாமியாரு என்கிட்ட தடையில்லைன்னுதாம்மா சொன்னாரு. ஆனா பாவம், அவர் எனக்காக இரக்கப்பட்டுச் சொல்றாருன்னு நெனச்சேன். உண்மையிலயே தடையில்லைன்னா எமல்டாம்மா சொல்லியிருப்பாங்களே, அவங்க அப்படிப்பட்டவங்க இல்லையேன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு மூணு எடம் வந்துச்சு. வேண்டாம்னுட்டேன். ஒருவாட்டி பாவத்துல கால வைக்க இருந்தோம், ஆண்டவர் உங்க மூலமாத் தடுத்துட்டாரு, மறுபடியும் எதுக்குன்னு பயம்."

"முப்பத்திரண்டு வருஷமாகவா?"

"அப்படியே பழகிப்போச்சு."

கட்டின் முனையை நேராக மடித்தாள்.

மார்ச் 17, வெள்ளி

கீரை ஆய்ந்தேன். காஸ் சிலிண்டர் வந்தது. மாலை சிலுவைப்பாதையை ஒலிபெருக்கியில் கேட்டேன். பாதியில் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

பிப்ரவரி 26 அன்று எழுதியது முழு உண்மை அல்ல.

அந்த 1991-இல், மூன்றாம் ஓலை நின்ற ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை லூர்துநாதர் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன்.

"ஆயர் இல்லத்துலேர்ந்து பதில் வந்துருச்சும்மா. தடை ஒண்ணுமில்லை. நீங்க சொல்ற சட்டத்தை நீங்க பொறக்கறதுக்கு முந்தியே எடுத்துட்டாங்க. உங்க மதர் படிச்ச புத்தகம் ரொம்பப் பழசா இருந்திருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

"பையனோட அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். அந்தம்மா நம்ப மாட்டேங்கறாங்க. 'எமல்டாம்மா வாயால சொல்லட்டும், அப்புறம் நீங்க மூணாம் ஓலைய வாசிங்க' அப்படிங்கறாங்க. சனிக்கிழமை மாதா சபை கூடுதுல்ல? அங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும்."

சொல்கிறேன் சாமி என்றேன்.

சனிக்கிழமை சபை கூடியது. ஜெபமாலை சொன்னோம். திருவிழாத் தேருக்கு மஞ்சள் சாமந்தியா வெள்ளைச் சாமந்தியா என்று முக்கால் மணி நேரம் பேசினோம். "வேற ஏதாவது இருக்கா?" என்று நானே கேட்டேன். முப்பது பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அதில் சூசைமாணிக்கத்தின் அம்மாவும் இருந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன்.

நான் சொன்னது தவறு என்று அந்த முப்பது பேர் முன்னால் சொல்ல முடியவில்லை. வேறு காரணம் இல்லை. இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

சாமியார் வந்தபோது என் கணவர் உள்ளறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். இருபத்து மூன்று வருடம் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 22, புதன்

புண் சுருங்கிக்கொண்டு வருகிறது. விக்டோரியாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். "பாருங்க, ஓரமெல்லாம் எப்படி ரோஸ் நெறமா வந்துருக்கு!" என்று கைபேசியில் படம் எடுத்து என்னிடம் காட்டினாள். என் குதிகாலை நான் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

மார்ச் 26, ஞாயிறு

மதலேன் புதுத் திட்டத்தோடு வந்தாள். பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார் அல்லவா. எங்கள் அன்பியத்துக்கு இந்த வருடம் இரண்டு இடம்.

"நீங்களும் விக்டோரியாவும்! பக்கத்துப் பக்கத்துல! ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். மன்னிப்புக்குச் சாட்சின்னு பங்குச் செய்தி மடல்லயும் போடறாங்க."

"எனக்குக் காலில் புண்."

"ஃபாதர் இடது காலைக் கழுவறேன்னுட்டாரு."

"நீ எதையும் யாரிடமும் கேட்டுச் செய்ய மாட்டாயா?"

"கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்வீங்களே!"

மார்ச் 28, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று ஆறு மணியிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். ஏழு மணிக்கு வந்தாள். காலை எடுத்து மடியில் வைத்தாள்.

"விக்டோரியா."

"சொல்லுங்கம்மா."

"கால் நகம் வளர்ந்திருக்கிறது."

"அட ஆமா, நான் கவனிக்கல பாருங்க." பத்து விரல் நகங்களையும் வெட்டிவிட்டாள். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் பிடித்து, பிஞ்சுப் பிள்ளைக்கு வெட்டுவது போல. எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவருக்குப் பிறகு என் காலை யாரும் தொட்டதில்லை.

சொன்னால் நாளை வரமாட்டாள். அதனால்தான் சொல்லவில்லை. புண்ணுக்காக அல்ல.

மார்ச் 31, வெள்ளி

ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்துக்காகப் பங்குச் சாமியார் அமலன் வீட்டுக்கே வந்தார். சின்ன வயது. என்னை விட ஐம்பது வயது இளையவரிடம் முழங்கால் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. அதற்காக அவரை மெச்சுகிறேன்.

அபராதமாக ஒரே ஒரு ஜெபம் சொல்லச் சொன்னார். நான் மூன்று ஜெபமாலையாவது எதிர்பார்த்தேன்.

"இவ்வளவுதானா ஃபாதர்?"

"ஆண்டவர் மன்னிச்சிட்டார்மா. அதை நான் சொல்லலாம். விக்டோரியா அக்காவோட மன்னிப்பு என் கையில இல்லை."

"அவள் ஏற்கனவே மன்னித்துவிட்டாள். பத்தொன்பது பேர் முன்னால்."

"எதை மன்னிச்சாங்க?"

காபியும் வேண்டாம் என்று போய்விட்டார்.

ஏப்ரல் 1, சனி

புண் மூடிவிட்டது. விக்டோரியா விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இனிமே கட்டு வேண்டாம்மா. தேங்காய் எண்ணெய் தடவுங்க, போதும். வெறுங்காலோட நடக்காதீங்க."

"நாளைக்கு வருகிறாயா?"

"எதுக்கும்மா?"

"சும்மா."

சிரித்தாள். "சும்மாவா? எமல்டாம்மா வீட்டுக்குச் சும்மா வர்றதா? சரி, வர்றேன். காபி நான்தான் போடுவேன்."



ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

நாற்பது நாளுக்குப் பிறகு கோயிலுக்குப் போனேன். விக்டோரியா என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். செய்தி மடலில் எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன. "மன்னிப்பின் சாட்சிகள்." வழியில் எத்தனை பேர் அவளிடம் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள்! "அந்தக் காலத்து மனுஷி. மனசுல பட்டதைச் சொல்லிருவாங்க, மறைக்கத் தெரியாது" என்று ஒருத்தி. விக்டோரியா பெருமையோடு தலையாட்டினாள்.

என்னால் இதைச் சுமந்துகொண்டு வியாழக்கிழமை அந்தப் பெஞ்சில் உட்கார முடியாது. உட்கார்ந்தால், அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை மறுபடியும் நடத்தியவளாவேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

இன்று காலை விக்டோரியா வந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும்போது, ஒரு உறையைக் கையில் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கச் சொன்னேன். நான்கு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவதாக எழுதியது. படியை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"அன்புள்ள விக்டோரியாவுக்கு,

நீ என்னை மன்னித்ததாகச் சொன்னாய். நீ மன்னித்தது நான் செய்ததை அல்ல. நான் செய்ததை உனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன்.

உனக்கும் சூசைமாணிக்கத்துக்கும் திருமணத் தடை எதுவும் இருக்கவில்லை. லூர்துநாதர் சாமியார் உன்னிடம் சொன்னது இரக்கத்தால் சொன்னது அல்ல, உண்மை. மூன்றாம் ஓலை நின்ற வாரம் வியாழக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்து என்னிடமும் அதைச் சொன்னார். மாதா சபையில் நான் ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளையின் அம்மா சம்மதிப்பாள் என்றும் சொன்னார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை சபை கூடியபோது சொல்லவில்லை. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீ அடுத்த ஞாயிறு அதே சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தபோது, உன் பெயர் வாசிக்கப்படாது என்பதும் ஏன் என்பதும் எனக்குத் தெரியும். நான் மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீ பாவத்தில் கால் வைக்க இருக்கவில்லை. ஆண்டவர் உன்னைத் தடுக்கவில்லை. நான் தடுத்தேன். அதன் பிறகு வந்த இடங்களையும் நீ பயந்து வேண்டாம் என்றதற்கு நான்தான் காரணம். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

என் காலுக்கு நீ முப்பத்தைந்து நாள் கட்டுப் போட்டாய். முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வரமாட்டாய் என்று பயந்து சொல்லவில்லை. இதையும் சேர்த்துக்கொள்.

வியாழக்கிழமை பாதம் கழுவும் பெஞ்சில் நான் உட்காரப் போவதில்லை. மதலேனிடம் சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. உனக்குச் சம்மதமானால், சபையிலோ கோயிலிலோ, நீ சொல்லும் இடத்தில், நான் அன்றைக்குச் சொல்லாத வார்த்தையை எழுந்து நின்று சொல்கிறேன். வேண்டாம் என்றால் உன் விருப்பம். இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். ஜெனோவாவுக்குக் கட்டாயம் காட்டு.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னை நான் அவசரப்படுத்தவில்லை. முதலில் 'புதன்கிழமைக்குள்' என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. ஆனால் நேரில் வந்து சொல்லாதே. என் முகத்தைப் பார்த்தால் நீ இரங்கி, 'பரவாயில்லைம்மா' என்று சொல்லிவிடுவாய். நீ அப்படிப்பட்டவள். எனக்கு அது வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தையே எழுது. உன் பதிலை எழுத்தில் அனுப்பு.

எமல்டா"